லட்சத்தில் ஒரு பங்கு

சீராக இருந்தது ஏன் திரண்டது?

பெருவெடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: தொடக்கத்தில் எல்லாம் ஒரே சீராகப் பரவியிருந்தது என்கிறார்களே, பிறகு இந்தப் பூமியும் சூரியனும் விண்மீன்களும் எங்கிருந்து வந்தன? நியாயமான கேள்விதான். இன்றைய அண்டத்தில் சீர்மையைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 4 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. இடைப்பட்டது ஏறக்குறைய வெற்றிடம். அத்தகைய விண்மீன்கள் 10,000 கோடிக்கு மேல் கூடி, பால்வெளி என்ற ஒரே திரளாகியிருக்கின்றன. அதை விட்டு வெளியேறினால் அடுத்த பெரிய திரளான ஆண்ட்ரோமீடாவுக்கு 25 லட்சம் ஒளியாண்டு போக வேண்டும். திரள்கள் கூடிக் கொத்துகள், கொத்துகளை இணைக்கும் நீண்ட இழைகள், இழைகளுக்கு நடுவே 10 கோடி ஒளியாண்டும் அதற்கு மேலும் அகன்ற வெறுமைகள். சில இடங்களில் பெரும் செறிவு, பெரும்பாலான இடங்களில் அநேகமாக ஒன்றுமில்லை என்பதுதான் இன்றைய நிலை.

தொடக்க நிலை சீராக இருந்ததற்கோ நேரடிச் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த ஒரு வானலை வாங்கியில், எந்தத் திசைக்குத் திருப்பினாலும் மாறாத மெல்லிய இரைச்சல் ஒன்று பதிவாவதை ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1965இல் அறிவித்தார்கள். அண்டத்துக்கு 3.8 லட்சம் ஆண்டு வயதானபோது விடுபட்ட ஒளி, ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுப் பயணத்தில் நுண்ணலையாக நீண்டு நம்மை வந்தடைவதே அந்த இரைச்சல். அதைப் பின்புலக் கதிர் என்று அழைப்போம். அதன் இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின். நம் சொந்த ஓட்டத்தால் வரும் வேறுபாட்டைக் கழித்துவிட்டால், வானத்தின் எல்லாத் திசைகளிலும் இதே எண்தான். 1989இல் நாசா ஏவிய கோபே செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து, திசைக்குத் திசை மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு இருப்பது 1992 ஏப்ரலில் முதன்முதலாக உறுதியானது. அதன் அளவு லட்சத்தில் ஒரு பங்கு. 2001இல் கிளம்பிய டபிள்யூமேப், 2009இல் கிளம்பிய பிளாங்க் ஆகிய கலங்கள் அதே ஏற்றத்தாழ்வை மேலும் நுணுக்கமாக வரைபடமாக்கின.

இந்த ஏற்றத்தாழ்வு எப்படித் தோன்றியது என்பதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம், அண்டம் பிறந்த முதல் நொடியின் மிகச் சிறு துணுக்கில் நடந்த அதிவேக வீக்கம். குவாண்டம் இயற்பியலின்படி எந்த வெளியிலும் தவிர்க்க முடியாத சிறு நடுக்கங்களை அந்த வீக்கம் அண்ட அளவுக்கு நீட்டிவிட்டது என்று முகானோவ், சிபிசோவ் என்ற சோவியத் அறிவியலாளர்கள் 1981இல் காட்டினார்கள். அந்தத் தோற்றக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. தோன்றிய பிறகு என்ன ஆனது என்பதே நம் பொருள். லட்சத்தில் ஒரு பங்காக இருந்த வேறுபாடு ஒரு பால்வெளியாக வளர, கிடைத்த காலம் போதுமா? கணக்கை நேர்மையாகப் போட்டால், கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அது முடியாது என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஈர்ப்பு தரும் வட்டி

வளர்ச்சியின் அடிப்படை எளியது. ஓரிடத்தில் பொருள் சற்றே கூடுதலாக இருந்தால் அங்கே ஈர்ப்பும் சற்றே கூடுதல். அது சுற்றுப்புறத்திலிருந்து மேலும் பொருளை இழுக்கும். இழுத்த பொருளால் ஈர்ப்பு இன்னும் கூடும். அசையாமல் நிற்கும் ஒரு வாயுவில் இது எப்படி நடக்கும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902இல் கணக்கிட்டார். வாயுவின் அழுத்தம் குறுக்கே நிற்காத அளவுக்குப் பெரிய பகுதியாக இருந்தால், அங்குள்ள கூடுதல் அடர்த்தி கூட்டு வட்டிபோலப் பெருகும் என்பது அவர் கண்ட விடை. வட்டியே முதலாகி, அந்த முதலுக்கும் வட்டி ஏறுகிற கணக்கு அது. அப்படி வளர விட்டால் எவ்வளவு சிறிய ஏற்றத்தாழ்வும் விரைவில் பெரிதாகிவிடும். புதிர் என்று ஒன்றே இருக்காது.

அண்டமோ அசையாமல் நிற்கவில்லை, விரிந்துகொண்டிருக்கிறது. விரியும் அண்டத்தில் எல்லாப் பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகிறது. ஈர்ப்பு அந்த ஓட்டத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, விரிய விரியப் பொருள் நீர்த்துப்போவதால் ஈர்ப்பின் வலுவும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி விகிதமே ஆண்டுக்கு ஆண்டு சரிகிற சேமிப்பு இது. சோவியத் இயற்பியலாளர் எவ்கெனி லிஃப்ஷிட்ஸ் 1946இல் இந்த நிலைமைக்கான கணக்கைச் செய்து முடித்தார். அவருடைய ஆய்விலிருந்து கிடைக்கும் விதியைச் சமன்பாடு இல்லாமலே சொல்லிவிடலாம்: பொருளின் ஈர்ப்பே அண்டத்தை ஆளும் காலத்தில், அண்டம் எத்தனை மடங்கு விரிகிறதோ அத்தனை மடங்கு ஏற்றத்தாழ்வும் வளரும். அண்டம் பத்து மடங்கு விரிந்தால் ஒரு சதவீத வேறுபாடு பத்து சதவீதமாகும். அதற்கு மேல் ஆகாது.

இங்கே தெளிவுபடுத்த வேண்டிய ஒன்று உண்டு. கூடுதல் அடர்த்தி வளர்கிறது என்றதும், அந்தப் பகுதி உடனே சுருங்கத் தொடங்கிவிடுவதாகத் தோன்றலாம். உண்மையில் அந்தப் பகுதியும் விரிகிறது, நீர்த்துப்போகிறது. அக்கம்பக்கத்தைவிடச் சற்று மெதுவாக, அவ்வளவுதான். இரண்டுக்குமான இடைவெளிதான் காலப்போக்கில் அகலமாகிறது. அந்தக் கூடுதல் ஏறத்தாழ நூறு சதவீதத்தை எட்டும்போதுதான் அந்தப் பகுதி விரிவதை நிறுத்தி உள்நோக்கி விழத் தொடங்கும். ஒரு திரள் பிறக்க வேண்டுமானால் இந்த நூறு சதவீத எல்லையைத் தொட்டாக வேண்டும்.

ஒளியின் பிடியில் இருந்த காலம்

வளர்ச்சி எப்போது தொடங்கியது? நாமும் விண்மீன்களும் ஆன சாதாரணப் பொருளுக்கு, முதல் 3.8 லட்சம் ஆண்டுகளில் வளரவே வழியில்லை. அப்போது வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு மேல். அந்த வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு நிலையாகச் சேர முடியாமல் தனித்தனியே அலைந்தன. தனித்து அலையும் எலெக்ட்ரான்களில் ஒளி ஓயாமல் மோதித் திசைமாறும். ஆகவே ஒளியும் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே பாய்பொருளாக இருந்தன. பொருள் ஓரிடத்தில் குவிய முயன்றால் அங்கே சிக்கிய ஒளியும் சேர்ந்து அமுங்கும். அமுங்கிய ஒளி பெரும் அழுத்தத்தோடு திருப்பித் தள்ளும். தள்ளப்பட்டது விலகும், விலகியது மறுபடி விழும். விளைவு, அண்டம் முழுவதும் ஒலி அலைகள். இந்த அதிர்வை 1960களிலும் 1970களிலும் ஆந்திரேய் சகாரோவ், யாகோவ் செல்டோவிச், ரஷித் சுன்யாயெவ், ஜேம்ஸ் பீபிள்ஸ் ஆகியோர் கணக்கிட்டு முன்னுரைத்தார்கள். பின்புலக் கதிரின் வரைபடத்தில் அந்த அலைகளின் தடம் இன்று தெளிவாகத் தெரிகிறது.

இதோடு இன்னொரு தடையும் இருந்தது. மோதிமோதிச் செல்லும் ஒளி, செறிவான இடங்களிலிருந்து மெல்லக் கசிந்து வெளியேறும். போகும்போது பொருளையும் இழுத்துச் செல்லும். அதனால் சிறிய அளவிலான ஏற்றத்தாழ்வுகள் அழிந்து சமமாகிவிடும். இதை ஜோசப் சில்க் 1968இல் காட்டினார். ஒரு தனித் திரளாகக்கூடிய அளவுள்ள பகுதிகள் இந்த அழிப்புக்குத் தப்பாது. திரள்களின் பெரும் கொத்துகள் அளவுக்கு மேற்பட்டவையே தப்பும். ஆக, சாதாரணப் பொருள் வளரத் தொடங்கியதே 3.8 லட்சம் ஆண்டு கழித்து, அணுக்கள் உருவாகி ஒளி விடுபட்ட பிறகுதான்.

கணக்கு உதைக்கிறது

இனி கணக்கைப் போடலாம். ஒளி விடுபட்ட நாள்முதல் இன்றுவரை அண்டம் ஏறத்தாழ 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. லிஃப்ஷிட்ஸின் விதிப்படி ஏற்றத்தாழ்வும் அதிகபட்சம் 1,100 மடங்குதான் வளர முடியும். பின்புலக் கதிரின் வெப்பநிலை வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியும் பொருளும் சேர்ந்தே அமுங்கும் நிலையில், பொருளின் அடர்த்தி வேறுபாடு வெப்பநிலை வேறுபாட்டைப் போல மூன்று மடங்கு இருக்கும். எனவே அதை லட்சத்தில் மூன்று என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 1,100ஆல் பெருக்கினால் கிடைப்பது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு சதவீத எல்லைக்கு அருகில்கூட இது வரவில்லை. சாதாரணப் பொருள் மட்டுமே இருந்திருந்தால் இன்றும் அண்டம், அங்கே மூன்று சதவீதம் கூட, இங்கே மூன்று சதவீதம் குறைய என்று பரந்து கிடக்கும் மெல்லிய வாயுவாகவே இருந்திருக்கும். திரள்களும் கோள்களும் இருந்திருக்காது. இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

இந்த முரண்பாடு கோபேக்கு முன்பே அறிவியலாளர்களை வாட்டியது. திரள்கள் இருக்கின்றன என்பதால், பின்புலக் கதிரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலாவது வேறுபாடு இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடுதான் 1970களில் தேடினார்கள். கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக, அந்த அளவில் எதுவுமே இல்லை என்பதுதான் தெளிவானது. 1982இல் பீபிள்ஸ் ஒரு வழியை முன்வைத்தார். அண்டத்தின் பொருளில் பெரும்பங்கு ஒளியோடு எந்த உறவும் இல்லாதது என்று கொண்டால், திரள்களும் உருவாகும், பின்புலக் கதிரும் லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டிய வேறுபாட்டோடு அமைதியாகவே இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். பத்து ஆண்டு கழித்து கோபே கண்டது அதே அளவைச் சேர்ந்த எண்தான். 2019இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இத்தகைய பணிகளுக்குப் பெரும் பங்குண்டு.

முந்திக்கொண்ட பொருள்

ஒளியை வெளியிடாமலும் உறிஞ்சாமலும் சிதறடிக்காமலும், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் அந்தப் பொருளைக் கரும்பொருள் என்போம். இந்தக் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக அதைப் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. கோமா கொத்திலுள்ள திரள்களின் வேகத்தைப் பார்த்து, தெரியாத பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933இலேயே எழுதினார். வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அளவீடுகள், திரள்களின் வெளிப்பகுதிகள் கண்ணுக்குத் தெரியும் பொருளால் விளக்க முடியாத வேகத்தில் சுற்றுவதைக் காட்டின.

ஏற்றத்தாழ்வின் வளர்ச்சியில் கரும்பொருளுக்கு இருந்த சாதகம், ஒளியின் பிடியில் அது ஒருபோதும் சிக்கவில்லை என்பதே. அண்டத்தின் முதல் 50,000 ஆண்டுகளில் ஒளியின் ஆற்றலே மேலோங்கியிருந்ததால் விரிவு மிக வேகமாக இருந்தது; கரும்பொருளும் அப்போது மிக மெதுவாகவே திரள முடிந்தது. அதன் பிறகு பொருளின் பங்கு மேலோங்கவே, கரும்பொருள் லிஃப்ஷிட்ஸின் விதிப்படி வளரத் தொடங்கியது. பக்கத்தில் சாதாரணப் பொருள் இன்னும் ஒளியோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருக்க, கரும்பொருள் அமைதியாகக் குவிந்தது. ஒளி விடுபட்டபோது, ஒரு திரளாகக்கூடிய அளவுள்ள பகுதிகளில் கரும்பொருளின் ஏற்றத்தாழ்வு ஆயிரத்தில் சில பங்கை எட்டியிருந்தது. அந்த நொடிமுதல், அழுத்தம் நீங்கிய சாதாரண வாயு, ஏற்கெனவே காத்திருந்த கரும்பொருள் குவியல்களுக்குள் விழுந்து அவற்றின் செறிவை எட்டிப்பிடித்தது.

ஒரு பகுதியின் வரலாறு

இதை ஓர் எடுத்துக்காட்டில் தொடர்ந்து பார்ப்போம். பால்வெளி போன்ற ஒரு திரளாகப் போகிற பகுதியை எடுத்துக்கொள்வோம். கரும்பொருளையும் சேர்த்து அதன் நிறை ஒரு லட்சம் கோடிச் சூரியன்கள். கணக்கு எளிதாக இருக்க, அது ஒழுங்கான உருண்டை என்றும், தொடக்கத்தில் சுற்றுப்புறத்தைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு அடர்த்தி கூடியது என்றும் வைத்துக்கொள்வோம். 3.8 லட்சம் ஆண்டு வயதான அண்டத்தில் இந்த உருண்டையின் ஆரம் 5,000 ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் இதற்கும் பக்கத்து உருண்டைக்கும் வேறுபாடே தெரியாது.

அண்டம் பத்து மடங்கு விரிகிறது. வயது ஒன்றரைக் கோடி ஆண்டு. நம் உருண்டையின் கூடுதல் அடர்த்தி இப்போது ஐந்து சதவீதம். நூறு மடங்கு விரிகிறது. வயது 50 கோடி ஆண்டை நெருங்குகிறது. விதிப்படி கூடுதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் வளர்ச்சி அந்த விதியையும் மிஞ்சத் தொடங்குவதால் உண்மையில் அதைவிட அதிகமாகவே இருக்கும். 200 மடங்கு விரிவைத் தாண்டும்போது, வயது ஏறத்தாழ 150 கோடி ஆண்டில், உருண்டை விரிவதை நிறுத்துகிறது. அப்போது அதன் ஆரம் சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு. அதன் அடர்த்தி சுற்றுப்புறத்தைப் போல ஐந்தரை மடங்கு. இனி அது உள்நோக்கி விழுகிறது. இன்னொரு 150 கோடி ஆண்டில், அதாவது அண்டத்தின் வயது 300 கோடியை ஒட்டியிருக்கும்போது, துகள்களின் குறுக்கும் நெடுக்குமான ஓட்டம் ஈர்ப்பைச் சமன்செய்ய, ஆரம் பாதியாகி உருண்டை நிலைகொள்கிறது. அதன் அடர்த்தி இப்போது அண்டச் சராசரியைப் போல ஏறத்தாழ இருநூறு மடங்கு. ஆயிரத்தில் ஐந்து பங்காகத் தொடங்கிய கூடுதல் இது.

இதன் பிறகுதான் இருவகைப் பொருளும் பிரிகின்றன. விழுந்த வேகத்தில் சூடான சாதாரண வாயு, அந்த வெப்பத்தை ஒளியாக வெளியேற்றிக் குளிர்ந்து மையத்தை நோக்கி மேலும் இறங்குகிறது. சுழற்சியால் தட்டையாகி, ஒரு லட்சம் ஒளியாண்டு விட்டமுள்ள வட்டமாகிறது. அதில் விண்மீன்கள் பிறக்கின்றன. ஒளியை வெளியிட முடியாத கரும்பொருள் வெப்பத்தை இழக்க வழியின்றி, வட்டத்தைச் சூழ்ந்த பெரும் உருண்டையாகவே நின்றுவிடுகிறது. உண்மையான வரலாறு இவ்வளவு ஒழுங்கானதன்று. சிறிய பகுதிகளில் ஏற்றத்தாழ்வு அதிகம் என்பதால் அவையே முதலில் நிலைகொண்டு, பிறகு ஒன்றோடொன்று இணைந்து பெரியவை ஆகின்றன. அண்டத்துக்கு ஏறத்தாழ 30 கோடி ஆண்டு வயதான காலத்துத் திரள்களை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்று படம்பிடித்திருப்பது, அந்த ஆரம்பத் திரட்சி எவ்வளவு முன்னதாக நடந்தது என்பதற்குக் கண்கூடான சான்று.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: கரும்பொருள் அவ்வளவு குவிந்திருந்தால், அது பின்புலக் கதிரில் ஏன் அந்த அளவுக்குத் தெரியவில்லை? காரணம், கரும்பொருள் ஒளியை ஈர்ப்பால் மட்டுமே தொடுகிறது. ஒரு திரள் அளவுள்ள பகுதியில் ஆயிரத்தில் சில பங்கு கூடுதலாக இருப்பது, கடந்துபோகும் ஒளியின் ஆற்றலை உணரத்தக்க அளவில் மாற்றாது. எனினும் தடமே இல்லாமல் போகவில்லை. ஒலி அலைகள் கரும்பொருளின் ஈர்ப்புக்குள் அதிர்ந்தவை. எந்த அளவுள்ள அலை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது, கரும்பொருள் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. பிளாங்க் கலம் அளந்த அந்த ஓங்கலிலிருந்து, சாதாரணப் பொருள் ஒரு பங்கு என்றால் கரும்பொருள் ஐந்து பங்குக்கு மேல் என்று கிடைக்கிறது.

இரண்டாவது மறுப்பு: சாதாரணப் பொருளுக்கே இன்னும் கால அவகாசம் கொடுத்தால் போதாதா? அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்பது பல வழிகளில் உறுதியான எண். அதை நீட்ட முடியாது. நீட்டினாலும் பயனில்லை. கடந்த சில நூறு கோடி ஆண்டுகளாகக் கரும் ஆற்றல் என்று பெயரிடப்பட்ட ஒன்று அண்டத்தின் விரிவை முடுக்கிவருகிறது. அந்த முடுக்கத்தில் பெரிய அளவிலான ஏற்றத்தாழ்வின் வளர்ச்சி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. இனி அது நின்றுவிடும் திசையில்தான் போகிறது. மூன்று சதவீதமாக இருந்திருந்தால், எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் அது நூறு சதவீதமாகியிருக்காது.

மூன்றாவது மறுப்பே வலுவானது: காணாத பொருளைச் சேர்ப்பதற்குப் பதில், ஈர்ப்பு விதியைத் திருத்திவிட்டால் என்ன? 1983இல் மோர்டெகாய் மில்க்ரம் முன்வைத்த திருத்தம், பல திரள்களின் சுழற்சி வேகத்தை உண்மையிலேயே நன்றாக விளக்குகிறது. அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் சாதாரணப் பொருள் மட்டுமே இருந்து, ஈர்ப்பு வலுவாகி எல்லாவற்றையும் வளர்த்திருந்தால், அந்தப் பொருளில் பதிந்திருந்த ஒலி அலைகளும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். திரள்கள் வானில் பரவியிருக்கும் விதத்தில் அலைகளின் தடம் பெரும் மேடுபள்ளமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லோன் வான் அளவாய்வின் 46,000க்கும் மேற்பட்ட திரள்களை வைத்து 2005இல் அந்தத் தடத்தைத் தேடினார்கள். தடம் இருந்தது, எதிர்பார்த்த 49 கோடி ஒளியாண்டை ஒட்டிய இடைவெளியிலேயே இருந்தது. ஆனால் அது மிகச் சிறிய மேடு. பொருளில் பெரும்பங்கு அந்த அதிர்வில் கலந்துகொள்ளவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2021இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் பின்புலக் கதிரோடு பொருந்தும்படி அமைத்த திருத்தக் கோட்பாடும்கூட, தொடக்ககால அண்டத்தில் அழுத்தமில்லாத பொருளைப் போலவே நடந்துகொள்ளும் கூடுதல் புலம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டுதான் வெற்றி பெறுகிறது. பெயர் எதுவானாலும், ஒளியின் பிடியில் சிக்காமல் முந்திக் குவிந்த ஏதோ ஒன்று தேவைப்படுகிறது.

எது உறுதி, எது தேடல்

கண்ணால் பார்க்காத பொருளை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கரும்பொருள் எந்தத் துகளால் ஆனது என்பது ஒரு கேள்வி. பல நாடுகளில் நிலத்தடியில் ஆழமாக வைக்கப்பட்ட கருவிகள் பல ஆண்டுகளாகத் தேடியும் அதற்கு விடை கிடைக்கவில்லை. ஒளியோடு உறவில்லாத பொருள் தொடக்ககால அண்டத்தில் வேலை செய்ததா என்பது வேறொரு கேள்வி. அதற்கான விடை ஒரு துகளின் கண்டுபிடிப்பைச் சார்ந்ததன்று. பின்புலக் கதிரின் வேறுபாடு, அண்டம் விரிந்த அளவு, இன்று நாம் காணும் திரள்கள் ஆகிய மூன்றும் அளந்தறியப்பட்டவை. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் பொருத்த வேண்டுமானால், சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அந்தப் பொருள் இருந்தாக வேண்டும். முதல் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. இரண்டாவது கேள்விக்கு, இருந்தது என்பதே அளவீடுகள் தரும் விடை.